எதிர்க்கடைப் பின்னல்

யார் யார் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரிகள் சங்கம் ஒரு குவாண்டம் சிமுலேட்டரை வாடகைக்கு எடுத்தது. யோசனை தலைவர் தங்கமாரியுடையது. கடைக்கு ஓர் அணு; அந்தக் கடையின் விலையும் வியாபாரமும் அதில் ஏற்றப்படும். ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை திரையில் சேர்ந்து ஒளிரும்.

ஒளிர்ந்தவை இரண்டே இரண்டு: தலைவர் கடையும், எதிரே அவருடைய அண்ணன் அய்யாத்துரை கடையும். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன்.

கூட்டம் தலைவரைப் பார்த்துச் சிரித்தது. "வெளிய சண்டை, உள்ள கூட்டா அண்ணாச்சி?"

இயந்திரத்தை இயக்கிய ஜெபராணி தயங்கினாள். "கூட்டு மாதிரி தெரியல சார். உங்க கடையில வாங்க வர்ற ஆள் குறைஞ்சா, உடனே அவங்க கடையில விலை ஏறுது."

தங்கமாரிக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தெருவில் வந்தவரிடம் யாரும் சரக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள். விற்க விருப்பமில்லை என்றால் விலையைக் கூட்டிச் சொல்லி அடுத்த கடைக்கு அனுப்புவார்கள். அண்ணனுக்கு வியாபாரமே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர், அண்ணன் அனுப்பிய ஆட்களிடம்தான் இத்தனை காலம் விற்றிருக்கிறார்.

சங்க விதிப்படி, கூட்டு என்றால் இரண்டு கடைக்கும் ஒரு மாதம் பூட்டு. உண்மையைச் சொன்னால் கடை பிழைக்கும், மானம் போய்விடும். தங்கமாரி பேரத்தில் பழுத்தவர், மலிவானதை எடுத்தார்.

"கூட்டுதான்" என்றார் தரையைப் பார்த்து.

கடைசி வரிசையில் அய்யாத்துரை எழுந்தார். "ஆமா. ஆனா அவன் மேல தப்பில்ல, நான்தான் இழுத்துவிட்டேன். என் கடைய மட்டும் பூட்டுங்க."

சங்கம் ஒப்புக்கொண்டது. தீர்மானத்தில் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

தங்கமாரி தலை நிமிராமல் போட்டுக்கொடுத்தார்.