ஊரில் பிறந்த ஒருத்தி

"இப்ப மட்டும் நான் ஊர்ப் பிள்ளையோ, அப்பா? எங்கட கடைப் பலகையிலை தமிழ் இருக்கப்படாதெண்டு கழட்ட வைச்சதும் இதே கவுன்சிலர்தானே!"

தர்மிளா கத்தியது மணிக்கூண்டின் அடியில். இங்கிலாந்தின் அந்தச் சிறு ஊரில், அங்கேயே பிறந்து முப்பது வயது தாண்டாத ஒருவர் மணி அடித்தால்தான் சனிக்கிழமைச் சந்தை தொடங்கும். எழுநூறு வருட வழக்கம். பழைய ஆளுக்குப் போன வாரம் முப்பது முடிந்தது. ஊர் மகப்பேற்று விடுதியை மூடியோ முப்பது வருடம். பிள்ளைகளெல்லாம் பக்கத்து ஊரில்தான் பிறக்கிறார்கள். பதிவேட்டைப் புரட்டியதில் அகப்பட்டவள் இவள் ஒருத்தி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், இதே சந்தைத் திடலில், வான் வண்டிக்குள் பிறந்தவள்.

"கொம்மா அண்டைக்குப் பட்ட பாட்டுக்காவது மணியை அடி, பிள்ளை," என்றார் கத்தரிக்காய்ப் பெட்டிகளோடு நின்ற அப்பா.

"பலகையைத் திருப்பி மாட்டுவியளோ எண்டு அந்தாளிட்டைக் கேட்டன். அது வேறை விசயமாம்."

ஒன்பது மணி தாண்டிவிட்டது. திடல் முழுக்க மூடிய கடைகள், அண்ணாந்த முகங்கள். கவுன்சிலரே கயிற்றை அவள் கையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறார். அவள் இன்னும் இழுக்கவில்லை. சொல்லுங்கள், நீங்களென்றால் இழுப்பீர்களா?