இடப்பக்கத்து மாப்பிள்ளை

மருத்துவமனையில் அவன் வலது கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்தால் யாரிடமோ அறை வாங்கியவன் போலத்தான் இருந்தது.

கைப்பேசியில் அவள் முகம். கல்யாணம் பேசி முடித்த பெண், வேலை வெளியூரில். பேசி முடித்த அன்று நேரில் பார்த்ததோடு சரி.

"என்னங்க, எப்பப் பார்த்தாலும் ஒரே பக்கமா காட்டுறீங்க?"

"கழுத்து சுளுக்கு."

"மூணு மாசமாவா?"

"அத விடு. முடி நல்லா வளர்ந்திருக்கா, சொல்லு."

"அன்னைக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்கு."

இவளுக்குக் கண்ணில் என்ன கோளாறோ என்று அலுத்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தான்.

பாவம், அவன் பட்ட பாடு நாய் படாது. "முடிதான் கொஞ்சம் கம்மி" என்று பெண்ணின் அப்பா இழுத்ததில் ரோஷம் வந்து, இந்தப் பரிசோதனைக்குத் தலையைக் கொடுத்தான். காதுக்குப் பின்னாலிருந்து முடிவேர்ச் செல்லை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, தலையின் ஒரு பாதியில் ஊசி போடுவார்கள். மறுபாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எந்தப் பக்கம் எது என்பது டாக்டருக்கே தெரியாது. கடைசி நாளில்தான் மேலிடத்திலிருந்து சொல்வார்கள்.

மேலிடம் வேறு எதற்கு? கண்ணாடியே சொல்லிவிட்டதே. இடப்பக்கம் கருகருவென்று இருக்கிறது, வலப்பக்கம் வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. மருந்து படாத பக்கம் அப்பா வழிச் சொத்து வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மொட்டையடிக்க விடமாட்டார்கள். கடைசி நாள் வரை இருந்தால் மறுபாதிக்கும் மருந்து போடுவதாக வாக்கு, நடுவில் விலகினால் கிடையாது. இருந்தால் ஊர் சிரிக்கும், விலகினால் கல்யாணம் நிற்கும். இருதலைக்கொள்ளி எறும்பாக இந்தக் கடைசி நாள் வரை ஓட்டிவிட்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தொலைபேசியில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டாக்டர், இனிமே என்னால முடியாது. கல்யாணத்துல போட்டோக்காரன் சுத்திச் சுத்தி எடுப்பான். எத்தனை பேருக்குன்னு கழுத்த திருப்புறது?" சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி..."

"இதுக்கு மேல என்னத்தப் பொறுக்கிறது? சொன்ன வார்த்தையக் காப்பாத்துங்க. இடப்பக்கம் போட்டதையே வலப்பக்கமும் போட்டுடுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இடப்பக்கம் போட்டது உப்புத்தண்ணி, தம்பி."