ஃபுல் ஹேண்ட்

தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்த முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சுகிர்தா மிஸ் அன்று கரும்பலகையில் எழுதிய ஆங்கிலச் சொல் ‘இன்ஃபர்’.

“கண்ணால பாத்தத வச்சு, பாக்காததச் சொல்றது. ஆதாரம் இல்லாமச் சொன்னா அதுக்குப் பேரு வம்பு.”

ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். வானம் கறுத்திருக்கிறது, மழை வரும் என்றே முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் எழுந்தாள்.

“லாஸ்ட் வீக் மிஸ் ஹாஃப் ஹேண்ட். திஸ் வீக், இந்தப் புழுக்கத்துலயும், ஃபுல் ஹேண்ட். சோ, ஐ இன்ஃபர்...” என்று சொல்லி நிறுத்தினாள்.

கரண்ட் இல்லாத அறையில் நோட்டால் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. மிஸ் ரவிக்கையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஃபுல் ஹேண்டுன்னு இங்கிலீஷ்ல கிடையாது. லாங் ஸ்லீவ்னு சொல்லணும்.”

“மத்தது சரியா மிஸ்?”

“ஆதாரம் பத்தாது. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. திருத்திய சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“எங்கப்பா வீட்டுல இருக்குற வாரம் எங்கம்மாவும் லாங் ஸ்லீவ்தான் மிஸ்.”