புதன்கிழமை சாத்திய கதவு

மகள் தண்ணீர்ப் போத்தலை வகுப்பில் விட்டுவிட்டாள், எடுக்க வேண்டும் என்று வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகா சின்னையாவிடம் சொன்னேன். போத்தல் என் பைக்குள்ளேயே இருந்தது.

அவர் பள்ளிக்கூடக் கேட்டைத் திறந்துவிட்டார். "சத்தம் போடாமப் போம்மா. உள்ள மீட்டிங்."

சத்தம் போடுகிற ஆளா நான்.

புதன்கிழமை, மணி பன்னிரண்டு பத்து. பிள்ளைகளைப் பதினொன்றரைக்கே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இரண்டு மாதமாக இப்படித்தான். புதன் என்றால் பள்ளி சீக்கிரம் விட்டுவிடும். ஆசிரியர்கள் ஏழு பேரும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெற்றோருக்கு வந்த கடிதத்தில் அதற்கு ஆசிரியர் மேம்பாட்டு நேரம் என்று பெயர்.

மேம்படுகிறவர்கள் கதவை எதற்குச் சாத்த வேண்டும்?

இந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. பள்ளிக் கேட்டுக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. எங்கள் பாடாங் செராயில் யார் மோட்டார் எந்தச் சந்தில் திரும்புகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் தெரியாது. போன வாரம் மீகோரேங் நூடுல்ஸ் பொட்டலங்கள் உள்ளே போயின. புதன் வந்தால் சோறு வேகும் நேரத்துக்குள் நாலு தடவை வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

எனக்காக மட்டும் இல்லை. லோகேஸ்வரி பாவம். குலிமில் ஃபேக்டரி வேலை. மகளை அழைத்துப்போகப் புதன்தோறும் அரை நாள் லீவு போடுகிறாள், சூப்பர்வைசர் முறைக்கிறானாம்.

"படிச்சு முடிச்சிட்டுத்தானேக்கா டீச்சர் வேலைக்கு வந்தாங்க? இன்னும் என்ன படிப்பு லா?" என்று நேற்றுக் கேட்டாள்.

இது நிற்காவிட்டால் அடுத்த வருஷம் பிள்ளையை மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடுவாளாம். அவள் போனால் பின்னாலேயே நாலைந்து பேர் போவார்கள். பள்ளியில் மொத்தமே முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

நாளை சாயந்திரம் பெற்றோர் கூட்டம். பெற்றோர் வேண்டாம் என்றால் புதன்கிழமையை நிறுத்திவிடுவதாகத் தலைமையாசிரியர் சுகுமாரன் சொல்லியிருக்கிறார். உள்ளே தின்றுகொண்டு கதை பேசுகிறார்கள் என்று காட்ட ஒரு சின்ன வீடியோ போதும், கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எடுத்துத் தருகிறேன் என்று லோகேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன்.

வகுப்புச் சன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை இல்லை. அந்தச் சந்தில் கைப்பேசியை வைத்தேன்.

ஆறு பேர் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுகுமாரன் சாருக்கு முழங்கால் தாடையை இடித்தது. மீகோரேங் ஓரத்தில் பிரிக்காமல் கிடந்தது. நடுவில் நின்று இரண்டாம் ஆண்டு பிரேமாவதி டீச்சர் பாடப்புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

"குரங்கு... மரத்துல..." நின்றார். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தார். "ஏறுச்சு."

முன்னால் இருந்த இளம் ஆசிரியர் விக்னேஸ்வரன் எழுந்து படத்தைக் கையால் மறைத்தார். டீச்சருக்கு அடுத்த சொல் வரவில்லை. முந்தானை ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

இருபது வருஷ சர்வீஸ், டீச்சருக்கு வாசிக்க வரவில்லை. மறைப்பானேன், எனக்கு உச்சி குளிர்ந்தது.

"இப்படித்தான் சார் இந்தப் பிள்ள வாசிக்கிறா," என்றார் டீச்சர், சாதாரணக் குரலில். "எழுத்தே தெரியல. படத்தப் பாத்து ஊகிக்கிறா. மத்ததெல்லாம் பக்கத்துல உள்ளவ வாசிக்கிறதக் கேட்டு மனப்பாடம். நாமளும் கெட்டிக்காரின்னு ரெண்டு வருஷமா விட்டுட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை. விக்னேஸ்வரன் பலகையில் எழுதத் தொடங்கினார். எந்த எழுத்திலிருந்து ஆரம்பிப்பது, எந்த நாள் யார் அவளோடு தனியாக உட்காருவது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யார் பிள்ளை? இரண்டாம் ஆண்டில் பெண் பிள்ளைகள் ஐந்து. என்னைத் தவிர்த்து நாலு அம்மாக்களையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். லோகேஸ்வரி மகளாக இருந்தால் நாளைக்குக் கூட்டம் களைகட்டும்.

"அம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார் சுகுமாரன்.

"நானே சொல்றேன் சார்," என்றார் டீச்சர். "அடுத்தவங்க பிள்ளைன்னா இந்நேரம் அவங்களே தாமான்ல வீடு வீடாப் போய்ச் சொல்லியிருப்பாங்க. அவங்க பிள்ளையாச்சே, எப்படித் தாங்குவாங்கன்னுதான்..."

"எந்தப் பிள்ள பேரும் வெளிய போகக் கூடாதுன்னுதான் மொத நாளே கதவச் சாத்தச் சொன்னேன். இவங்க வீடு வேற ரோட்டத் தாண்டினா வந்துடும்."

வீட்டில் என் மகள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஒப்பிப்பாள். அதை நான் வீடியோ எடுத்து ஜித்ரா வரைக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் படத்தை மறைத்துப் பார்த்ததில்லை.

கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அழித்தேன். அழிந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே லோகேஸ்வரி மோட்டாரில் காத்திருந்தாள். பின்னால் மகள்.

"கெடச்சுச்சாக்கா?"

"அடுத்த புதன்லேர்ந்து பிள்ளைய எங்கிட்ட விட்டுடு. சோறு போட்டுப் பாத்துக்கிறேன். நீ லீவு போடாத."

"அப்ப நாளைக்குக் கூட்டம்?"

"நான் பேசிக்கிறேன்."

"சரிக்கா, உள்ள என்னதான் பண்றாங்க?"

"தெரியல," என்றேன்.

அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லாதவள், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேட்டாள்.