ஆடாத கியர்

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் மருதாசலத்தின் குரல் மட்டும் வந்தது.

"இப்ப ஆட்டிப் பாருங்க அம்மணி."

அவள் கியர் லீவரைப் பிடித்து ஆட்டினாள்.

ஆடவில்லை.

அடேயப்பா! நேற்றுவரை விழப்போகிற பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இன்று நட்டுவைத்ததுபோல் நிற்கிறது.

மருதாசலம் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். லீவரை அடியில் தாங்குகிற ரப்பர் தேய்ந்துபோயிருந்ததாம். இப்போது மாட்டிய பிராக்கெட் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். இனி நடுங்காது, மூன்றாவது கியர் நழுவாது.

"வேற ஒண்ணுமில்லீங்க. நீங்க பாட்டுக்கு எதையெதையோ நெனச்சுப் பயந்துக்கிட்டீங்க. எல்லாம் ரப்பர்தானுங்க."

அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

பிராக்கெட்டை வரவழைத்தது அவள் கணவர் தனபால். வெளிநாட்டுச் சாமான். அது வந்துசேர்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கத்திலேயே, மாரடைப்பு. பார்சல் அவர் பெயருக்கு வந்தது. வாங்கி வைத்தவள் அவள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள்.

அவர் இருந்தபோது அவளுக்கும் ஓட்டக் கொடுப்பார். கொடுப்பார் என்று பேர்தான். ஸ்டியரிங் அவளிடம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய வலக்கை கியரைவிட்டு நகராது.

முதலில் மோதிர விரலால் லீவரின் குமிழில் இரண்டு தட்டு.

டக் டக்.

உடனே அவள் கிளட்சை மிதிக்க வேண்டும். கியரை அவர் மாற்றிக்கொள்வார். ஊரில் பல புருஷன்மார் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கார் ஓட்டுவார்கள். இவர் கையாலும் ஓட்டினார்.

மலைப்பாதையில் பாதி தூரத்தில், வலப்பக்கம் ஒரு டீக்கடை உண்டு. அதற்கு மேல் அவளை விட்டதில்லை.

"போதும், திருப்பு. மேல உனக்குச் சரிப்படாது."

அவளும் திருப்புவாள். மலை உச்சிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லாமலே இருந்துவிட்டாள்.

அவர் போன பிறகு தனியாகக் கிளம்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் லீவர் அவள் உள்ளங்கைக்குள் நடுங்கியது. வேறு யாரோ பிடிக்கப் பார்த்துக் கை வழுக்குவதுபோல் நடுங்கியது. மூன்றாவது கியர் விழும், உடனே நழுவிவிடும். அவள் வெலவெலத்துப்போய் வண்டியைத் திருப்பிவிடுவாள்.

ரப்பர். வெறும் ரப்பர்!

மருதாசலத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நல்ல வெயிலில் மலையேறினாள்.

முதல் வளைவு. இரண்டாவது கியர் வெண்ணெய்போல் இறங்கியது. நடுக்கம் இல்லை. அடுத்த வளைவிலும் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். ஜன்னலை இறக்கிவிட்டாள். ஏதோ பழைய பாட்டு வாயில் வந்தது.

வளைவு தாண்டிப் பாதை நேரானது. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

டக் டக்.

அவள் யோசிக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், இடதுகால் தானாகக் கிளட்சை மிதித்தது.

லீவர் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது.

தடுமாறவில்லை. நழுவவில்லை. கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை மட்டும் கிடந்தது. அது மெல்ல ஓரமாக நகர்ந்திருந்தது, யாரோ உட்கார இடம் விட்டதுபோல்.

இத்தனை நாள் அந்த லீவர் ஏன் நடுங்கியது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. பிடி கிடைக்காமல் தவித்திருக்கிறார். அதற்குத் தோதாக பிராக்கெட்டை மாட்டிக்கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் கேட்கப் பாடிக்கொண்டு வருகிறாள் பைத்தியக்காரி.

ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு கோபம் வந்தது. செத்தும் விடமாட்டாரா இந்த மனுஷன்?

தாலி கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"கையை எடுங்க."

அடுத்த வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. இடக்கையை லீவர் மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. கிளட்சை மிதித்து இழுத்தாள்.

வந்தது. இரண்டாவது கியர், அவள் போட்டது.

எடுத்துவிட்டார்!

இவ்வளவுதானா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமா? இதைச் சொல்லவா இத்தனை வருஷம் பயந்து செத்தாள்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த கியரும் அவளுடையது. அதற்கடுத்ததும்.

டீக்கடை தெரிந்தது.

அவள் நிற்கப்போவதில்லை. இன்று உச்சிதான்.

வலப்பக்க இண்டிகேட்டர் எரியத் தொடங்கியது.

அவள் அதைத் தொடவில்லை.

அணைத்தாள். மறுபடி எரிந்தது.

கியரைப் பார்த்தாள். லீவர் அசையாமல் நின்றது. அங்கே அவர் கை இல்லை. சொன்னபடி எடுத்துத்தான் இருந்தார்.

எடுத்த கையை எங்கே வைத்திருக்கிறார் என்பது, அவளுடைய பிடிக்குள் ஸ்டியரிங் மெதுவாக வலப்பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது.