காலர் பட்டன்

வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் கால் வாசல் பக்கமே இழுத்தது.

வெளியே போனாலும் வம்பு. தெரிந்த முகம் ஏதாவது பார்த்துத் தொலைக்கும்.

ஏனென்றால் இந்தத் தெருவுக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள் நான். என் ஜெராக்ஸ் கடைக்குப் பெரிய போர்டு இருக்கிறது, ஒருத்தரும் படிப்பதில்லை. ‘ஃபார்ம் அக்கா கடை’ என்றால்தான் தெரியும். புருஷன் வெளிநாட்டில், பெண்டாட்டி இங்கே என்று வருகிற புதுப்பெண்களுக்கு விசா ஃபார்ம் நிரப்புவதில் என்னை அடிக்க ஆளில்லை.

அப்பேர்ப்பட்டவள் தன் சொந்த விசாவுக்கு வக்கீல் வைக்கப் போகிறாளாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே என்று நாத்தனார் நேற்றே சிரித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் வெளிநாட்டில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகிப் பதினாலு மாசம். அதில் சேர்ந்து இருந்தது இருபத்தாறு நாள். விசா ஒரு தடவை மறுத்தால் மறுபடி கேட்க ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நம்ம ஸ்டேப்ளர் கதை ஒன்று போதாதா, அதைப் படித்தால் எந்த அதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவான், நடுவில் வக்கீல் எதற்கு என்று கேட்டார். அந்தக் கதையைத் தன்னோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தவர் அவர்.

கதை பெரிசாக ஒன்றுமில்லை.

என் கடைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரின் காலர் பட்டன் விழுந்துவிட்டது. சட்டை கழுத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஊசி நூல் இருக்குமா என்று என்னிடம் வந்தார். ஜெராக்ஸ் கடையில் ஊசிக்கு எங்கே போவது? ஸ்டேப்ளரை எடுத்து டக்கென்று ஒன்று அடித்தேன்.

ஸ்டேப்ளர் பின் அவர் கழுத்திலும் லேசாகக் குத்திவிட்டது. வலிக்குதா என்றேன். இன்னொண்ணு அடிங்க என்றார்.

அவர் பாஸ்போர்ட்டில் இன்றைக்கும் காலர் ஓரமாக ஒரு புள்ளி மின்னும்.

ஃபார்மில் பதினேழாவது கேள்வி அதுதான்: நீங்கள் இருவரும் முதலில் சந்தித்தது எப்படி? பதில் கையில் இருந்தும் ஒரு வாரமாக அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

ஏன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணம் ஆகுமுன்னே, ஒரு புதுப்பெண் வந்தாள். பதினேழாவது கேள்விக்கு ‘வீட்ல பார்த்தாங்க’ என்பதைத் தாண்டி அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுதுவிட்டாள். மனசு கேட்காமல் என் கதையை எடுத்து அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்தேன்.

ஆறே வாரத்தில் அவளுக்கு விசா வந்துவிட்டது. அவ்வளவுதான், அக்காவுக்குக் கை ராசி என்று பேராகிவிட்டது. அவளுக்கு எழுதினதையே எனக்கும் எழுதுங்க என்று அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இடத்தை மட்டும் மாற்றினேன். ஒருத்திக்கு பேங்க், ஒருத்திக்கு டிக்கெட் கவுண்டர். பட்டனும் ஸ்டேப்ளரும் மாறவில்லை.

மொத்தம் பதினோரு பேர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தவணை முறையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் உண்மையை எழுதினால் அது பன்னிரண்டாவது நகல். வேறு எதையாவது எழுதலாமென்றால், நேர்காணலில் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்டேப்ளர் என்பார். ரெண்டு பேரும் பொய்யர்கள் என்று தள்ளிவிடுவார்கள்.

வக்கீலிடம் ஏதாவது வழி இருக்கும் என்றுதான் வந்தேன்.

ஜூனியர் வக்கீல் வந்தாள். சின்னப் பெண், பேச்சில் படுவேகம். வக்கீல் வர இன்னும் அரைமணி ஆகும் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாள்.

“பதினேழாவது கேள்விக்கு இது எங்க மாதிரி பதில் மேடம். இதே மாதிரி மனசுல பட எழுதிட்டு வாங்க. ஆனா இதையே எழுதிடாதீங்க, நிறைய பேர் போட்டுட்டாங்க.”

பெயர் இருந்த இடத்தில் கோடு. மூன்றாவது வரியில் ஸ்டேப்ளர்.

‘இன்னொண்ணு அடிங்க’ கூட அப்படியே இருந்தது. பதினோரு பேரில் எவளோ இங்கேயும் வந்து போயிருக்கிறாள். என் கல்யாணத்தை யாரோ நடுத்தெருவில் கொடி கட்டிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அழுகையை விட வெட்கம்தான் அதிகம் வந்தது.

தாளோடு மாடிப்படிக்கு வந்து வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். முதல் பெண்ணிலிருந்து பதினோராவது பெண் வரை, கையிலிருந்த தாள் வரை, மூச்சு விடாமல் கொட்டினேன். நம்ம கதையை ஊருக்கெல்லாம் கொடுத்துட்டேன், என்னை மன்னிச்சிடுங்க என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மெஷினை நிறுத்தினார்.

“அடிப்பாவி, நீ கொடுத்தது பாதிதான். பட்டன் எங்க தானா விழுந்துச்சு? ஸ்டுடியோ கண்ணாடி வழியா உன்னைப் பார்த்துட்டு நானேதான் பிச்சேன். இப்பவும் என் பர்ஸுக்குள்ளதான் கிடக்கு.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து அப்போதுதான் கால் ஒரு இடத்தில் நின்றது.

அந்தப் பட்டனை உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உள்ளே போய் ஜூனியரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் மேஜையிலிருந்தே ஒரு பேனாவை வாங்கி, பையிலிருந்த ஃபார்மை எடுத்துப் பதினேழாவது கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

பதினோரு ஃபார்மிலும், வக்கீலின் மாதிரித் தாளிலும், பட்டன் தானாகத்தான் விழுந்திருந்தது.