நாற்பது நிமிடம்

“நாற்பது நிமிஷம் பின்னாடி ஓடுதும்மா! பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி சர்வர் ரூமுக்குக் கரண்டை நிறுத்தறாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா டாக்டருங்க பழைய விவரத்தைப் பார்த்து மருந்து கொடுப்பாங்க!”

மேலாளர் போனில் கத்தினாரா, ஆறு ஊர் தாண்டி நேரடியாகவே கத்தினாரா என்று சொல்வது கடினம். பொறியாளர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியின் விர்ச்சுவல் மெஷின்களில், அதாவது சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டர்களில், பதியும் ஒவ்வொரு எழுத்தும், இந்தக் காப்பு நிலையத்துக்கு உடனே நகலாக வரவேண்டும். அங்கே அவை நின்றால் இங்கே நகல் ஓடும். இன்றோ நகல், ஆமை முதுகில் ஏறி வழியில் தூங்கிவிட்டு வந்தது.

அவள் எதிரே இரண்டு திரைகள். இடது, ஆஸ்பத்திரியின் அசல். வலது, இங்குள்ள நகல். காலையிலிருந்து பதினான்காம் படுக்கையின் பதிவை இரண்டிலும் திறந்துவைத்துத் தாமதத்தை அளந்துகொண்டிருந்தாள்.

“நானூறு படுக்கை இருக்க, அதையே ஏம்மா கட்டிப்பிடிச்சிட்டிருக்கே?” என்றார் சக ஊழியர். எதிலும் அவசரம் என்பதால் அவருக்கு ‘ராக்கெட்’ என்று பெயர்.

“அதுலதான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை நாடித்துடிப்பு ஏறுது சார். ஒப்பிட வசதி.”

பதினொரு மணிக்கு இடது திரையை அணைத்தாள்.

“என்னாச்சு?”

“கண் கூசுது சார்.”

லைனைச் சோதித்தாள். சுத்தம். டிஸ்க்கைச் சோதித்தாள். குறையில்லை. பதினொன்றேகாலுக்கு அகப்பட்டது.

“நகல் வர்ற வேக வரம்பு நூறு இருக்கணும். பத்துன்னு இருக்கு. நேத்து யாரோ ஒரு சைபரை விட்டுட்டாங்க.”

ராக்கெட் எச்சில் விழுங்கிய சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும். “நான்தாம்மா... வீட்டுக்குக் கிளம்புற அவசரம். சைபரைப் போட்டுடு, தாயே!”

“இருங்க சார்.”

மேசையில் அவளுடைய போன் அதிர்ந்தது. ‘தம்பி’ என்று மின்னியது. கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு சைபர் போட கமிட்டி கூடணுமா?”

“எட்டிப் பிடிக்கக் கால் மணி நேரம் போதும். பன்னிரண்டுக்குள்ள முடிஞ்சிரும். கொஞ்சம் இருங்களேன்.”

வலது திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 10.40. நாடித்துடிப்பு 52. 10.45. நாடித்துடிப்பு 44.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு சைபரைப் போட்டாள்.

வரிகள் குடுகுடுவென்று ஓடிவந்தன. பதினொன்றே முக்காலுக்குள் நகல் அசலைத் தொட்டது. மேலாளர் போனில் கொண்டாடினார். ராக்கெட் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அவள் தன் போனைத் திருப்பினாள். ஒன்பது தவறிய அழைப்புகள். பத்தாவதை எடுத்தாள்.

“தெரியும்டா. பதினொரு மணிக்கே அந்தத் திரையில பார்த்துட்டேன்.” வலது திரையில் பதினான்காம் படுக்கையின் கடைசி வரியை விரலால் தடவினாள். “ஆனா, அப்பா இங்க இப்பத்தான்டா போனாரு.”